காலநிலைப் பாடத்துக்குத் தரவுப் பொதி வாங்க வேண்டுமா?

கேள்வி: நகரமைப்பு இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் காலநிலை மாற்றத் தகவமைப்பு ஸ்டூடியோ (வடிவமைப்புப் பயிற்சி வகுப்பு) எடுக்கிறேன். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பக்கம் 10 ஹெக்டேரில் ஒரு மனைப்பிரிவைக் கொடுத்திருக்கிறேன். 2100 வரைக்கும் மழை, வெப்ப வரைபடங்களை அழகாகப் போடுகிறார்கள். லேஅவுட்டில் ஒரு கோடுகூட நகரவில்லை. வெள்ள அபாயத் தரவுப் பொதி தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்ட் வந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இப்படிப் பொதிகளில் பெரும்பாலும் இலவசச் சரக்குதான் கலர் பூசி வரும். ஒன்று, இந்திய வானிலைத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் மழைத் தரவு. 0.25 டிகிரி என்றால் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். உங்கள் மனைப்பிரிவும் சதுப்பு நிலமும் அதன் மறுகரையும் அதற்குள் ஒரே புள்ளி. இன்னொன்று எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. மொட்டைமாடியையும் மர உச்சியையும் தரை என்றே எண்ணும். அதற்குப் பிறகு கொட்டிய மண் ஒரு லோடுகூட அதில் கிடையாது. விற்க வருகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: தரைமட்டம் எந்த ஆண்டு எடுத்தது, உயரப் பிழை எத்தனை சென்டிமீட்டர்? பதில் மீட்டரில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாணவர்கள் கோட்டை நகர்த்தாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. அவர்கள் கையில் இருக்கும் எண் எதுவும் தரைமட்டத்தைத் தொடவில்லை. பசுங்குடில் வாயுவுக்கு ஓர் அலகு ஒதுக்கும் பாடத்திட்டம் தரையின் ஏற்றத்தாழ்வை அளந்து மட்டம் எடுக்க ஒரு மதியம் ஒதுக்காது.

முதல் வாரம் கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பதிவு), புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்) மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். வாய்க்கால், ஓடை, தாங்கல் (சிறு ஏரி) புறம்போக்கு என்று பதிவான சர்வே எண்களை லேஅவுட்டின் மேல் வரையட்டும். பாதிக் கதை அங்கேயே வெளிவந்துவிடும்.

அடுத்து மட்டம். சிவில் துறையில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் ஸ்டாஃப் என்னும் அளவுகோலும் இருக்கும். கையெழுத்துப் போட ஆளில்லை என்று இழுத்தடித்தால், மேஸ்திரிமார் வைத்திருக்கும் டியூப் லெவல் (நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) 20 மீட்டர் போதும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு பொய். தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் மறுபடியும் எடுங்கள்.

வெள்ளக் குறியைக் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். குறியைச் சாலையிலிருந்து அளப்பார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். 2015 வெள்ளம் தாளில் குறைந்துவிடும். கோயில் படி, பழைய கல்வெர்ட்டின் கைப்பிடிச்சுவர் போல அசையாத ஒன்றிலிருந்து அளக்க வேண்டும்.

இனி கணக்கு. ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை 100 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. பெய்தால் உங்கள் 10 ஹெக்டேரில் 5,000. வெறும் நிலமாக இருந்தபோது ஓடியது 30 சதவீதம், கட்டியபின் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கூடுதல் 3,000 கன மீட்டர். சாலை போக 7 ஹெக்டேர். அதில் 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு 7,000 சதுர மீட்டர். அதை 43 செ.மீ. தாழ்த்தினால் அந்த நீர் அங்கே நிற்கும். காலநிலை மாற்றம் இந்த இடத்தில்தான் நுழைகிறது: ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தீவிர ஒருநாள் மழை உலகளவில் சுமார் 7 சதவீதம் வலுக்கும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை. இரண்டு டிகிரிக்கு 5 செ.மீ.யை 5.7 ஆக்கிப் பார்க்கட்டும். ஆழம் 49 செ.மீ. ஆகும், பூங்காவின் கரை மாறும், கோடு நகரும். மூலையில் மிஞ்சிய குழியை ஒதுக்கீடு என்று காட்டும் புரமோட்டர் வேலையை மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டாம். வாய்க்கால் வழியும் தாழ்வும் சேருமிடத்தில்தான் அது வர வேண்டும். கண்ட இடமெல்லாம் உறிஞ்சுகுழி போட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். நவம்பரில் அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், குழி எதை உறிஞ்சும்?

2100 வரைக்குமான கணிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் இடத்தில் கட்டாயம் வேண்டும்: வடிகால் போய் விழும் வாய். சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு என்னும் ஓடை, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. நெடுக வாட்டம் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் சராசரி மட்டமே நம் கரையில் சற்று உயர்ந்திருக்கும். அதன் மேல் ஓதம் (கடலின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறினால் நீர் வெளியேறாமல் நின்றுவிடும். ஆகவே நீங்கள் தாழ்த்திய பூங்கா ஒரு மணி நேரத்துக்கு அல்ல, ஓதம் இறங்கும்வரை தாங்க வேண்டும். 2100க்குள் உலகக் கடல்மட்ட உயர்வு, உமிழ்வு குறைந்தால் 0.32 முதல் 0.62 மீட்டர், மிகுந்தால் 0.63 முதல் 1.01 மீட்டர். இவ்வளவு தட்டையான தரையில் 30 செ.மீ.கூட முடிவை மாற்றும். கடைசி இரண்டு வாரத்தில் 0.3, 0.6, 1.0 மூன்றையும் வெளிவாய் மட்டத்தில் கூட்டி, வடிகாலின் நீள்வெட்டுப் படத்தை மூன்று முறை வரையச் சொல்லுங்கள்.