தாயும் சேயும்: அச்சுப் படம் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டின் ‘குழந்தையின் குளியல்’ படத்தை, ‘அசல் அச்சு’ என்ற சான்றிதழுடன் இணையத்தில் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெறும் வண்ணப் புள்ளிகளாகத் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், சான்றிதழை நீட்டினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள், ஆகவே உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அது 1893-இல் கேன்வாஸில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம், சிகாகோவில் உள்ளது. அதற்கு ‘அசல் அச்சு’ என ஒன்று இருக்கவே முடியாது. கசாட் தாமே செப்புத் தகட்டில் கீறி, 1891-இல் வெளியிட்ட பத்து வண்ண அச்சுகள் வேறு. ஒவ்வொன்றிலும் 25 பிரதிகள்தாம். அவற்றுள் ஒன்றின் பெயரும் ‘குளியல்’ என்பதால் குழப்புவது எளிதாகிவிடுகிறது. தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய தடம் இருக்கும். நீங்கள் கண்ட புள்ளிகள், இயந்திரத்தில் மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சின் அடையாளம். விளம்பரம், பில், சான்றிதழ் மூன்றின் நகலையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோவின் ‘தொட்டில்’ படத்தை 12-க்கு 24 அங்குல பிரேமில் மாட்ட விரும்புகிறேன். ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கினால் போதும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: நறுக்க விடாதீர்கள். மூல ஓவியத்தின் உயரம் 56, அகலம் 46 சென்டிமீட்டர். அதை 24 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினால் அகலம் ஏறக்குறைய 20 அங்குலம் வரும். அதில் எட்டு அங்குலத்தை வெட்டுவது எப்படிக் கொஞ்சமாகும்? மொரிசோ 1872-இல் தம் அக்கா எட்மாவையும் அவருடைய மகள் பிளான்ஷையும் தீட்டிய படம் அது. கன்னத்தில் கைவைத்து எட்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். மெல்லிய வலைக்குப் பின்னால் குழந்தையும் அதேபோல் கையை மடித்துத் தூங்குகிறது. அந்த இரண்டு கைகளும் ஒருசேரத் தெரிந்தால்தான் அது முழுப் படம். என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது இதையே பிரேமுடன் வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் வலப்பக்கம் வெட்டுப்பட்டு, குழந்தை பாதிதான் இருந்தது. அன்று அவள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. பிரேமுக்காகப் படத்தை வெட்டும் பழக்கம் எனக்குப் பொறுக்காததற்கு அதுவே காரணம். அகலத்துக்கு ஏற்றபடி சிறிய அச்சு எடுத்து, மிச்ச இடத்துக்கு, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலமற்ற அட்டை என்று கேட்டு வாங்கினால் அட்டையால் தாள் பழுப்பேறாது.

கேள்வி: பெரிய படம் என்று நினைத்து வாங்கினேன்; அஞ்சலட்டை அளவில் வந்தது. அளவு போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அளவைப் படிக்காமல் பணம் கட்டியவருக்காக நான் வாதாட முடியாது.