மறுமொழி: மாட்டுக்கொட்டகை நிலத்துக்கு டி.ஓ.எல். மறுப்பு

சுங்கை சிப்புட் அண்ணா, நில அலுவலகம் புதுப்பிக்க மறுத்த டி.ஓ.எல். உரிமத்தை (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரும் உரிமம்) நீதிமன்றம் வாங்கித் தருமா என்று கேட்டிருந்தீர்கள். தராது. மலேசியாவின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஆண்டு இறுதியோடு முடிகிறது. மீண்டும் தருவது மாநில அரசின் விருப்பம். நில அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி உட்கார மாட்டார்.

ஆனால் முடிவெடுத்த விதத்தை உயர் நீதிமன்றம் ஆராயும். சட்டத்தை மீறினார்களா? நியாயமே இல்லாத முடிவா? உங்கள் தரப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டார்களா? கோளாறு இருந்தால் முடிவு ரத்தாகலாம். அப்போதும் உங்கள் உரிம மனு பெரும்பாலும் அதே நில அலுவலகத்துக்கே திரும்பும்.

கடிதத்தின் தேதியை இன்றே பாருங்கள். நீதிமன்ற விதிகள் 2012, 53ஆம் ஆணைப்படி, முடிவு தெரிந்த 3 மாதங்களுக்குள், அந்த முடிவை ஆராயக் கேட்டு வழக்குத் தொடர உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கோர வேண்டும். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் காத்திருந்தே எங்கள் அப்பா அந்தக் கெடுவை இழந்தார்.