பெரியவர்களுக்கு முத்தடுப்பு ஊசி: பக்கவிளைவுகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: நேற்று முத்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட இடம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. கையைத் தூக்க முடியவில்லை. இது ஒவ்வாமையா, ஐயா?

பதில்: ஒவ்வாமையாகத் தோன்றவில்லை. ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகிய மூன்றையும் தடுக்கும் இந்த ஊசியில், எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. அந்த இடத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரள்வதால் வலியும் வீக்கமும் உண்டாகின்றன. பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: ஊசியாலேயே ரண ஜன்னி வந்துவிடுமா?

பதில்: வராது. இதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை.

கேள்வி: காய்ச்சல் வரக்கூடும் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தேவையில்லை. இலேசான காய்ச்சல், தலைவலி, அசதி, குமட்டல் ஆகியவை வந்த பிறகு எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஊசி போட்டிருந்தேன். காயம் பட்டதற்காக மறுபடியும் போட்டார்கள். அன்று இரவே தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது. ஏன்?

பதில்: உடலில் ஏற்கெனவே எதிர்ப்புப் புரதம் மிகுந்திருக்கும்போது மீண்டும் ஊசி போட்டால், அந்தப் புரதமும் ஊசி மருந்தும் அங்கேயே பிணைந்து, சில மணி நேரத்தில் பெரும் வீக்கத்தை உண்டாக்கக்கூடும். 1903ஆம் ஆண்டில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மொரிஸ் ஆர்தஸ் முயல்களிடம் கண்டு விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. உங்களுடையது அதுதானா என்பதை மருத்துவர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும். அதுதான் என்று உறுதியானால், பத்து ஆண்டுகள் கழியும் வரை அடுத்த ஊசி பொதுவாகக் கூடாது. அழுக்கான காயத்துக்குக்கூட, முறையாகத் தொடக்க ஊசிகளை முடித்தவருக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் மறு ஊசி தேவைப்படும். தேதி நினைவில் இல்லாததால் தேவையின்றி ஊசி போட்டுக்கொண்டு அவதிப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: நேரத்தைக் கவனியுங்கள். மறுநாள் வரும் கைவலி அச்சத்துக்குரியதன்று. ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்துக்குள்ளோ உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. மிக அரிதான இந்நிலைக்கு உடனடி மருந்து அட்ரீனலின். ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காகவும், சிலருக்கு வரும் தலைச்சுற்றலுக்காகவும்தான்.

கேள்வி: ஒரு மாதமாகியும் தோள் வலி குறையவில்லையே?

பதில்: இதைச் சாதாரண ஊசி வலியென்று விட்டுவிடாதீர்கள். ஊசி தோளில் மிக மேலே இறங்கினால் மூட்டைச் சுற்றியுள்ள திசு புண்படக்கூடும். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.