வாசகர் கேள்வி-பதில்: முப்பது யானையும் ஒரே சாம்பல் நிறமா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இரண்டு மழலையர் பள்ளிகளைப் பார்த்தோம். ஒன்றில் பெரிய திரை, வண்ண நாற்காலிகள், இப்போதே எழுத்துப் பயிற்சி. மற்றொன்று எளிமையானது. தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நாற்காலியை விடுங்கள் அம்மா, சுவரைப் பாருங்கள். முப்பது யானைப் படங்கள், முப்பதும் ஒரே சாம்பல் நிறம், ஒன்றில்கூட வண்ணம் கோட்டைத் தாண்டவில்லை என்றால் தீட்டியது ஆசிரியையின் கை. பொம்மைகள் எட்டாத உயரத்தில் பளபளத்தால் அவை உங்கள் கண்ணுக்காக வைத்தவை. பிறகு, அரை மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியை குனிந்து, குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறாரா? ‘கையைக் கட்டு, வாயை மூடு’ தவிர வேறு ஏதாவது சொல்கிறாரா? எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று ஒரு வாண்டு கேட்டால் பதில் கிடைக்கிறதா, அதட்டல் கிடைக்கிறதா? கிளம்பும்போது, எத்தனை வருடமாக இங்கே வேலை பார்க்கிறார் என்று அவரையே கேளுங்கள். அடிக்கடி ஆள் மாறும் இடத்தில், ஒட்டிக்கொண்ட குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அழ வேண்டும். பின்லாந்தில் மூன்று வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் ஏழு பேருக்கு ஒருவர் என்பது விதி. அதை மனதில் வைத்துத் தலைகளை எண்ணிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்காணலாமே?

பதில்: எடைபோடுவது பெற்றோரை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்ப இதைவிட நாசூக்கான வழி கிடையாது.

கேள்வி: எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு செலவழிப்பதுதானே நியாயம்? ஏழைக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் கூடுதல்?

பதில்: வீட்டில் புத்தகமும், பேச நேரமுள்ள பெரியவரும் இருக்கும் குழந்தைக்கும், இரண்டும் இல்லாத குழந்தைக்கும் சமமாக அளந்தால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கியது பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் பள்ளி. நாற்பது வயதில் அந்த 58 பேர் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கைதானதும் குறைவு. இதை மேடைதோறும் சொல்வார்கள். அங்கே ஏறக்குறைய ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்ததையும், அந்த ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து பேசியதையும் மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள்! பயிற்சி இல்லாதவரை அரைச் சம்பளத்தில் ஒப்பந்தத்துக்கு அமர்த்திவிட்டு அதே பலனைக் கேட்டால் எங்கிருந்து வரும்? கூடுதல் பணம் கேளுங்கள். அது சுவர் பூச்சுக்குப் போகிறதா, ஆசிரியையின் சம்பளத்துக்குப் போகிறதா என்றும் கேளுங்கள்.