வாசகர் கேள்வி–பதில்: குழிச் சுவரில் எதற்குச் சீட்டு?

கேள்வி: சார், டெல்லி புரானா கிலா (பழைய கோட்டை) அகழாய்வுப் படங்களில் குழிச் சுவரில் கோடு கிழித்து, சின்னச் சின்னச் சீட்டாகக் குத்தி வைத்திருக்கிறார்களே, அது என்ன கணக்கு? – ஒரு வாசகி, மயூர் விகார்

பதில்: மண்ணடுக்குகளின் எண். ஓர் இடத்தில் மனிதர்கள் வாழ வாழ சாம்பல், குப்பை, இடிந்த சுவர், வெள்ளம் கொண்டுவந்த வண்டல் என ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும். மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுகிற இடத்தில் கோடு கிழித்து, மேலிருந்து கீழாக எண் போடுவார்கள். கலையாமல் இருந்தால் கீழே இருப்பதுதான் பழசு.

இந்தக் 'கலையாமல்' என்பதில்தான் வில்லங்கமே. எலி வளை தோண்டும், பிற்காலத்தில் ஒருவர் குப்பைக்குழி வெட்டுவார், இன்னொருவர் அஸ்திவாரத்துக்கு மண்ணைப் புரட்டுவார், அடியில் கிடந்த ஓடு மேலே வந்துவிடும். புரானா கிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மௌரியர் காலம் முதல் முகலாயர் காலம் வரை அங்கே அடுக்குகள் தொடர்ச்சியாகக் கிடைத்திருக்கின்றன. அதற்கும் முந்தைய, சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு வரைந்த பானை ஓடுகளும் கிடைத்தன, மகாபாரதத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்களே, அதே ஓடுகள்தான். ஆனால் ஓடு கிடைப்பது வேறு, அது தனக்குரிய அடுக்கிலேயே கிடைப்பது வேறு. 2023-இல் தொல்லியல் துறை மறுபடி அங்கே தோண்ட இறங்கியபோது சொன்ன முக்கிய நோக்கமே அந்த அடுக்கை உறுதிசெய்வதுதான். டிவி விவாதங்களில் இதைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

கேள்வி: குழியைச் சதுரம் சதுரமாக வெட்டி நடுவில் வரப்பு விடுவது ஏன்? – ஒரு கல்லூரி மாணவர், முனிர்கா

பதில்: 1944 முதல் 1948 வரை இங்கே தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் பழக்கிவிட்ட முறை. வரப்பின் பக்கச் சுவரில் அடுக்குகள் அப்படியே தெரியும், சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கலாம். மண் கூடையோடு நடக்கவும் அதுதான் வழி.

கேள்வி: கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன். "பானைக்கு எப்படி வயது பார்த்தார்கள்?" என்று ஒருவர் கேட்டார், முழித்தேன். – ஒரு வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: பார்த்தது பானையை அல்ல, கரியை. உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு அது குறையத் தொடங்கும், சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். இதை வைத்துக் காலம் கணிக்கும் வழியைக் கண்ட வில்லார்ட் லிப்பிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. கீழடிக் கரி அமெரிக்காவில் மயாமியில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போனது. அதில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குத்தான் கி.மு. 580 என்று வந்தது. அதே அடுக்கில் கிடந்த பானைக்கும் அந்தக் காலம் என்று கொள்கிறோம். அடுக்கு கலைந்திருந்தால் மயாமிக்காரர் என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, கரி சொல்வது மரத்தின் வயதை, அடுப்பு எரிந்த நாளை அல்ல. பழைய உத்திரத்தைப் பிளந்து எரித்திருந்தால் உண்மையைவிடப் பழைய காலமாகக் கணக்கு வந்துவிடும். அதனால்தான் ஒரே பருவத்தில் விளைந்து முடிகிற நெல்மணி கிடைத்தால் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: தங்கத்துக்கு ஒரு வரி, உடைந்த ஓட்டுக்குப் பத்துப் பக்கமா? – ஒரு வாசகி, கரோல் பாக்

பதில்: ஆமாம், அதுதான் நியாயம்! தங்கத்தைப் பாட்டி பேத்திக்குக் கொடுப்பாள், அவள் உருக்கி வேறு நகை செய்வாள், எந்தக் காலத்து நகை என்று அதை நம்பிச் சொல்ல முடியாது. பானை சீக்கிரம் உடையும், வீசிவிடுவார்கள், அதன் வடிவமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1945-இல் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு கூடவே கிடந்த நம்மூர் ஓடுகளுக்குக் காலம் குறித்தார், அப்புறம் 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அதே வகை நம்மூர் ஓடுகளைக் கண்டு அங்கேயும் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு கப்பலில் வந்து உடைந்த தட்டுகளிலிருந்து நிமிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கேள்வி: ஊரில் எங்கள் தோட்டத்தில் தாழி ஒன்று தெரிகிறது. அடுத்த லீவில் எடுத்து வந்து டெல்லியில் யாரிடமாவது காட்டலாமா? – ஒரு வாசகர், ரோகிணி

பதில்: வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், எலும்புத்துண்டும் உமியும் அதற்குள்தான் இருக்கும்.