தன் காசில் வாங்கிய போன்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் இருக்கும் என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஓர் இரவு வாய்த்தர்க்கம். அவள் அவசர உதவி எண்ணான 911க்கு அழைக்கப் போனபோது தம்பி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். கை நீட்டவில்லை. பக்கத்து வீட்டார் அழைத்து, பொலிஸ் வந்து தம்பியைக் கொண்டுபோய்விட்டது. அவசர அழைப்பைத் தடுத்தான் என்று வழக்கு. அந்தப் போன் அவன் காசில் வாங்கியது. தன் பொருளைத் தான் எடுப்பது எந்த ஊரில் குற்றம்? பெண்களுக்கு இடம் கொடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட கூத்துத்தானே இது? கோபத்தில் பொய்யாக அழைத்தால் என்ன செய்வது? நல்லவேளை, நம் இலங்கையில் இப்படி ஒரு சட்டம் இல்லை. முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்படி அவளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. வேறு என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம் என்றவர், கொட்டாஞ்சேனை)

பதில்: இத்தனை கேட்டிருக்கிறீர்கள், உங்கள் தம்பி மனைவி இப்போது எப்படி இருக்கிறார் என்ற ஒன்று மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. இருக்கட்டும். உங்களுக்குப் போன்தான் முக்கியம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கையிலிருக்கும் போனைப் பூட்டிவிட்டுத் திரையைப் பாருங்கள். அவசர அழைப்பு என்று ஓர் இடம் இருக்கும். ரகசிய எண்ணும் கேட்காது, விரல் ரேகையும் கேட்காது. தெருவில் மயங்கி விழுந்தவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்த போனாக இருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவர் அதை அழுத்தி உதவி கேட்கலாம். உரிமையாளர் யார் என்ற கேள்வியை அந்த ஓரிடத்தில் மட்டும் போனைச் செய்தவர்களே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டணம் கட்டாமல் இணைப்பு வெட்டப்பட்ட போனிலிருந்து வரும் 911 அழைப்பையும் தொலைபேசி நிறுவனங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். காசு வரவேண்டிய நிறுவனத்துக்கே மறிக்க உரிமை இல்லாத அழைப்பு, ஐயா. காசு கொடுத்து வாங்கிய கணவருக்கு எங்கிருந்து வந்தது அந்த உரிமை?

தன் பொருளைத் தான் எடுப்பது எந்த ஊரில் குற்றம் என்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலேயே குற்றமாகலாம். செட்டியார் தெருவில் உங்கள் கைக்கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு, கடனைத் திருப்பாமல், கடைக்காரருக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு வந்து பாருங்கள். கடிகாரம் உங்களுடையதே ஆனாலும் அது திருட்டு. 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவை திருட்டை விளக்கும்போது இதையே உதாரணமாகச் சொல்கிறது. உங்கள் தம்பி மீது திருட்டு வழக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். 'என் பொருள்' என்று சொன்னதும் சட்டம் வாயை மூடிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதிருக்க, மனைவிக்கு வாங்கிக் கொடுத்த போன் மனைவியுடையது. கொடுத்த பொருளுக்குச் சண்டை வரும்போதெல்லாம் பில்லை எடுத்து நீட்டுகிற வழக்கம் நம் ஆண்களிடம் அதிகம்.

டெக்சஸ் மாநிலச் சட்டம் போனின் விலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒருவர் அவசர உதவி கேட்பதைத் தெரிந்தே தடுத்தாலோ குழப்பினாலோ ஓராண்டு வரை சிறை, 4,000 டொலர் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். இதே குற்றத்துக்கு முன்பு தண்டனை பெற்றவரென்றால் குற்றம் இன்னும் பாரதூரமான வகைக்குப் போய்விடும். 'கை நீட்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் அங்கே விடை இருக்கிறது: அடி விழுந்திருக்க வேண்டியதில்லை. இப்போதே தாக்கப்படுவோம் என்று அழைப்பவர் நியாயமாக அஞ்சினால் அதுவே அவசரம். அந்தப் பெண் 9ஐ அழுத்தியிருப்பார், முதல் 1ஐயும் அழுத்தியிருக்கலாம். அடுத்த 1க்கு விரல் போகுமுன் போன் கையில் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. பக்கத்து வீட்டாருக்குக் காது கேட்டதால் தெரிந்தது.

பெண்களுக்காகப் போட்ட கூத்து என்பதும் தவறு. இந்த வகைச் சட்டம் முதலில் பிடித்தது வம்பளப்பவர்களை. அந்தக் காலத்து அமெரிக்காவில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு இருக்கும். ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டுக்கு இணைப்பு கிடைக்காது. இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கிட்டு, வீடு எரிகிறது, இணைப்பை விடுங்கள் என்றால் உடனே விடவேண்டும், விடாவிட்டால் குற்றம். கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில் இந்தப் பிரிவு இருக்கிறது. அந்த வகை இணைப்புகளின் காலம் முடிந்தது. தடுக்கும் கை மட்டும் முடியவில்லை. அதனால் அதே கலிபோர்னியா, உதவி கேட்க விடாமல் கைத்தொலைபேசியைப் பறிப்பதற்கும் உடைப்பதற்கும் தனியாக இன்னொரு பிரிவை எழுதிக்கொண்டது.

பொய்யாக அழைத்தால்? பழைய பிரிவிலேயே அதற்கும் இடமுண்டு: அவசரம் என்று பொய் சொல்லி இணைப்பைப் பெறுவதும் குற்றம். இங்கேயும் அரச அலுவலருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைக்குரியது. பொய்யா மெய்யா என்று பார்க்கத்தான் பொலிஸ் வருகிறது. அவர்கள் வாசலுக்கு வருமுன்பே, எவரைப் பற்றி முறைப்பாடோ அவரே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார் என்பதுதான் இங்கே சிக்கல்.

இனி, நல்லவேளை என்று நீங்கள் பெருமூச்சு விட்ட நம் நாடு. அவசர அழைப்பைத் தடுத்தல் என்று தனிப் பெயரிட்ட குற்றம் நமது தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை, அதுவரை சரி. ஆனால் போனைப் பிடுங்கிவிட்டு வாசலை மறித்து நின்றால் அதற்கொரு பிரிவு இருக்கிறது. 'கூப்பிட்டுப் பார், என்ன நடக்கும் என்று தெரியும்' என்றால் அது குற்றமுறையான மிரட்டல். அவருக்கு நட்டம் உண்டாக்கவென்றே போனைச் சுவரில் அடித்து நொறுக்கினால், அந்தப் போன் உங்களுடையதானாலும் நாசம் விளைவித்த குற்றத்திலிருந்து தப்பிவிட்டதாக எண்ணவேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். வீட்டில் இருவருக்கும் பொதுவான வளங்களை அவர் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை நீதவான் தடைசெய்ய முடியும். கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 10,000 ரூபாயாம். உடைத்த போனின் கண்ணாடியை மாற்றவே இன்று அது போதுமோ தெரியாது.

இவை எல்லாம் சுற்றுவழி. கட்டளை வாங்க நீதிமன்றம் போகவேண்டும், போவதற்கு வீட்டை விட்டு வெளியே வரவேண்டும். கொழும்புத் தொடர்மாடிகளில் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்ளும் மாமியாரையும், வேலைக்குப் போகும்போது சிம்மைக் கழற்றிப் பணப்பைக்குள் போட்டுக்கொள்ளும் கணவரையும் எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது? அடித்தானா, காயம் எங்கே என்று கேட்டுப் பழகிய இடத்தில், 'உதவிக்குக் கூப்பிட விடவில்லை' என்பது ஒரு முறைப்பாடாகவே காதில் விழாது. பெயர் வைத்த குற்றமாக இருந்தால் கேட்டே ஆகவேண்டும். பொலிஸின் 119க்கும் 1990 அம்பியூலன்ஸுக்கும் பெண்களுக்கான 1938க்கும் இத்தனை விளம்பரம் செய்யும் நாட்டுக்கு, அந்த எண்களை அழுத்தும் விரலைப் பிடித்து முறுக்குபவருக்கென்று ஒரு வரி எழுத முடியாதா? எனக்கு இது நல்லவேளையாகத் தெரியவில்லை.

கடைசியாக, வாபஸ் விவகாரம். டெக்சஸில் வழக்கை நடத்துவது மாநிலம். உங்கள் தம்பி மனைவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அரச வழக்கறிஞர் தொடரலாம். சாட்சியை மிரட்டியோ ஆசை காட்டியோ சாட்சி சொல்லாமல் தடுப்பது அங்கே வேறொரு குற்றம். உங்கள் நல்லெண்ணம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது, அந்தக் குரல் செய்திகளைக் கேட்பவர்களுக்குத் தெரியும். தம்பிக்கு அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள். அந்தப் பெண்ணுக்கு இனி எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பியவற்றை அழித்துவிடும்படி கேட்டும் ஒன்று அனுப்பிவிடாதீர்கள். அதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.