ஃபுட்டரில் யார் பெயர்? வாசகர் கேள்வி - பதில்

பல இணையதளங்களின் அடிப்பகுதியில், அதாவது ஃபுட்டரில், ‘வடிவமைப்பு: இன்னார்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அதைத் தட்டினால் அந்த டெவலப்பரின் தளம் திறக்கும். அந்த வரியைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

எங்கள் கடையின் தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் வடிவமைத்தவர்களின் பெயர் லிங்க்கோடு நிற்கிறது. இதனால் கூகுள் தேடலில் நாங்கள் பின்னுக்குப் போய்விடுவோம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எடுக்கச் சொல்லலாமா?
*– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு*

இந்த ஒரு லிங்க்கால் உங்கள் கடை பின்னுக்குப் போகாது. இதில் ஆபத்து யாருக்காவது இருக்கிறது என்றால், லிங்க் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த டெவலப்பருக்குத்தான். பல தளங்களின் ஃபுட்டரிலும் டெம்ப்ளேட்டிலும் பரப்பி வைத்த லிங்க்குகளைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. செயற்கையான லிங்க்குகளைப் பிடிக்கக் கூகுள் கொண்டுவந்த பென்குவின் அப்டேட் 2012 ஏப்ரலில் வரும்வரை, இப்படிப்பட்ட லிங்க்குகள் ஒரு தளத்தைத் தேடலில் மேலே தூக்கிவிட்டது உண்மை. 2016 செப்டம்பரில் பென்குவின் கூகுளின் மையக் கணக்கீட்டோடு சேர்ந்தது. அதன்பின் இத்தகைய லிங்க்குகளைப் பெரும்பாலும் கூகுள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே அந்த வரியால் டெவலப்பருக்குப் பெரிய லாபமும் இல்லை, உங்களுக்கு நஷ்டமும் இல்லை.

நிலைமை மாறும் இடம் ஒன்று உண்டு. டெவலப்பரின் பெயருக்குப் பக்கத்தில் கடன் நிறுவனம், லாட்ஜ், சூதாட்டத் தளம் என்று உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத லிங்க்குகள் வரிசையாக இருந்தால், உங்கள் ஃபுட்டரை யாரோ விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது ‘உங்கள் தளத்திலிருந்து இயல்பற்ற லிங்க்குகள் போகின்றன’ என்று கூகுளின் கைமுறை நடவடிக்கை, அதாவது அதன் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை, உங்கள் மீதே வரலாம். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரச்சினை எதுவும் இல்லை என்று காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். சர்ச் கன்சோல் கணக்கே டெவலப்பர் கையில்தான் இருக்கிறது என்றால், லிங்க்கை எடுக்கச் சொல்வதற்கு முன் அந்தக் கணக்கில் உங்களை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் செய்து கொடுத்த எல்லாத் தளங்களிலும் ‘மதுரையின் சிறந்த வெப் டிசைன் நிறுவனம்’ என்ற சொற்றொடரில் என் தளத்துக்கு லிங்க் வைத்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டுமா, மாற்றினால் போதுமா?
*– வெப் டெவலப்பர், மதுரை*

மாற்றினால் போதும், ஆனால் முழுமையாக மாற்றுங்கள். முதல் கோளாறு அந்தச் சொற்றொடர்தான். உங்களைப் பாராட்டி வாடிக்கையாளர் எழுதிய வரி அது இல்லை என்பது பார்க்கிற யாருக்கும் தெரியும், கூகுளுக்கும் தெரியும். லிங்க் இருக்கும் எழுத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

அடுத்து, எல்லாப் பக்கங்களிலும் லிங்க் தேவையில்லை. முகப்புப் பக்கத்தில் லிங்க்கும் மற்ற பக்கங்களில் வெறும் எழுத்தும் இருந்தால் போதும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ‘இஸ் ஃபிரண்ட் பேஜ்’ என்ற நிபந்தனையை வைத்து இதைச் செய்துவிடலாம். இந்த மாற்றத்தை மூலத் தீமின் (தளத்துக்குத் தோற்றம் தரும் கோப்புத் தொகுப்பு) ஃபுட்டர் கோப்பில் எழுதாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். நம் மாற்றங்களை மட்டும் தனியே வைக்கும் சைல்டு தீமில் எழுதலாம். அதைவிட நல்ல வழி, ஒரு சிறு பிளகினாக (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) எழுதி, செட்டிங்ஸில் ஒரு டிக் பெட்டி கொடுத்துவிடுவது. வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அவரே டிக்கை எடுத்துவிடலாம், உங்களுக்கு போன் வராது.

மூன்றாவது, இது எந்த வகை லிங்க் என்று நிரலில் குறிக்கும் ‘ரெல்’ பண்பு. தேடல் தரத்துக்கு இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் ‘நோஃபாலோ’ 2005 ஜனவரியில் வந்தது. 2019 செப்டம்பரில் கூகுள் ‘ஸ்பான்சர்டு’, ‘யுஜிசி’ என்று இன்னும் இரண்டைச் சேர்த்தது. உங்கள் பெயரைப் போட ஒப்புக்கொண்டதற்காக வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்திருந்தால் அது விலை கொடுத்து வாங்கிய லிங்க், ‘ஸ்பான்சர்டு’ போடுங்கள். தள்ளுபடி எதுவும் இல்லையென்றால் ‘நோஃபாலோ’ போதும். ‘யுஜிசி’ என்பது வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களுக்கானது, இங்கே பொருந்தாது. எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பதை மறைக்கும் ‘நோரெஃபரர்’ மட்டும் சேர்க்காதீர்கள். அது இருந்தால் வாடிக்கையாளரின் தளத்திலிருந்து வருபவர்கள் உங்கள் அனலிட்டிக்ஸில் ‘நேரடி வருகை’ என்ற கணக்கில் போய்விடுவார்கள், எந்தத் தளம் உங்களுக்கு ஆள் அனுப்புகிறது என்பது தெரியாமலே போகும். புதிய டேபில் திறக்கும் லிங்க்குகளுக்கு இன்றைய பிரவுசர்கள் ‘நோஓப்பனர்’ பாதுகாப்பை, அதாவது திறந்த பக்கம் பழைய பக்கத்தைக் கட்டுப்படுத்தாமல் தடுப்பதை, தாமாகவே தருகின்றன. பழைய பிரவுசர்களுக்காக அதை எழுதி வைப்பதில் தவறில்லை.

லிங்க் உங்கள் முகப்புப் பக்கத்துக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வாடிக்கையாளருக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று விளக்கும் பக்கத்துக்கு அனுப்புங்கள். ஃபுட்டரில் உங்கள் பெயரைத் தட்டுகிற சிலர், ‘இது மாதிரி நமக்கும் ஒன்று வேண்டும்’ என்று நினைப்பவர்கள். அவர்கள் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். இந்த வரியின் உண்மையான பயன் தேடல் தரத்தில் இல்லை, இந்த மனிதர்களிடம்தான் இருக்கிறது.

மாற்றி முடித்ததும், பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் பேஜ் கேஷையும், சிடிஎன் (நகல்களைப் பல இடங்களிலிருந்து தரும் சர்வர்கள்) கேஷையும் காலி செய்துவிட்டு, பிரவுசரில் கன்ட்ரோலையும் யு-வையும் சேர்த்து அழுத்தி மூலநிரலில் உங்கள் டொமைனைத் தேடிப் பாருங்கள். பழைய வரி கேஷில் இருந்துகொண்டே இருப்பது சாதாரணமாக நடப்பது. சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையில் எண்ணிக்கை குறைய வாரங்கள் ஆகும். குறிப்பிட்ட லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தொடாதீர்கள். கைமுறை நடவடிக்கை ஏற்கெனவே வந்து, வாடிக்கையாளரை அணுகி லிங்க்கை மாற்ற வழியே இல்லாதபோது மட்டும்தான் அதற்கு வேலை.

எங்கள் பள்ளித் தளத்தை உருவாக்கியவரின் பெயரை ஃபுட்டரில் தட்டினால் ஆன்லைன் சூதாட்டத் தளம் திறக்கிறது. பெற்றோர் புகார் செய்கிறார்கள். தளத்தை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?
*– பள்ளி அலுவலகப் பொறுப்பாளர், தஞ்சாவூர்*

முதலில் லிங்க்கின் முகவரியைக் குறித்துக்கொண்டு அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். வேர்ட்பிரஸ் தளம் என்றால், புதிய பிளாக் தீம்களில் அப்பியரன்ஸ், எடிட்டர், பேட்டர்ன்ஸ் வழியாகப் போய் ஃபுட்டரைத் திறக்கலாம். பழைய தீம்களில் கஸ்டமைஸ் பகுதியிலோ விட்ஜெட்டிலோ இருக்கும். அங்கெல்லாம் இல்லையென்றால் தீமின் ஃபுட்டர் கோப்பில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும்.

இனி காரணம். குறித்துவைத்த முகவரியைப் பாருங்கள். அது டெவலப்பரின் பழைய டொமைனாகவே இருந்தால், உங்கள் தளத்தை யாரும் தொடவில்லை. அவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். டாட் காம் டொமைன் காலாவதியானதும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கும். அதன்பின் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், பிறகு நீக்கத்துக்காகக் காத்திருக்கும் 5 நாள். அதுவும் கழிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பல தளங்களிலிருந்து லிங்க் உள்ள பழைய டொமைன்களைத் தேடி வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளித் தளங்களிலிருந்து லிங்க் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி.

அந்த முகவரி உங்களுக்கு முன்பின் தெரியாத ஒன்றாக இருந்தால் ஹேக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, கோப்புகளை ஸ்கேன் செய்து, சுத்தமான பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டெடுக்க வேண்டும்.

டொமைன் கைமாறிய நிலையில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது, உண்மையான ஆபத்து அங்கேதான். உங்கள் வேர்ட்பிரஸ்ஸின் யூசர்ஸ் பட்டியலைத் திறந்து, பழைய டெவலப்பரின் டொமைனில் முடியும் மின்னஞ்சலோடு அட்மின் கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டொமைனை வாங்கியவர் அதே மின்னஞ்சல் முகவரியைத் தனக்கு உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் உங்கள் தளத்துக்குள் நுழையும் வழி அவருடைய அஞ்சல்பெட்டிக்கே வந்து சேரும். செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் உள்ள நிர்வாக மின்னஞ்சலையும், உங்கள் டொமைன் பதிவுக் கணக்கின் மின்னஞ்சலையும், மாணவர் சேர்க்கைப் படிவம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். மூலநிரலில் அந்த டொமைனைத் தேடும்போது லோகோ படமோ ஸ்கிரிப்ட்டோ அங்கிருந்து வருவது தெரிந்தால் உடனே நீக்குங்கள். படமாக இருந்தால் டொமைனை வாங்கியவரால் அதை மட்டும் மாற்றிவைக்க முடியும். ஸ்கிரிப்ட்டாக இருந்தால் உங்கள் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்ய முடியும்.

இலவசமாக இறக்கிய தீமில் ஃபுட்டர் வரியை நீக்கினால் தளமே வெள்ளையாகிவிடுகிறது. பிளாகர் டெம்ப்ளேட்டில் நீக்கினாலோ வேறு தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. நீக்க வழி உண்டா?
*– சித்த மருத்துவமனை நடத்துபவர், நாகர்கோவில்*

நீக்க வேண்டியது அந்தத் தீமை. ஃபுட்டர் பகுதி ‘பேஸ்64’ முறையில் புரியாத எழுத்துக் குவியலாக இருந்து, அதை ‘இவால்’ கட்டளை இயக்கினால், அதற்குள் கிரெடிட் வரியோடு வேறு என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஃபங்ஷன்ஸ் கோப்பில் அந்த வரி இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் தளத்தை நிறுத்தும் நிரலும் இருக்கும். பிளாகரில் அதே வேலையை ஜாவாஸ்கிரிப்ட் செய்கிறது. நோயாளிகள் பெயரும் போன் எண்ணும் பதியும் தளத்தில் இப்படி ஒன்றை வைத்திருக்கவே கூடாது.

வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வ தீம் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுங்கள். அங்குள்ளவை, யாரும் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கு இசைந்தவை. பக்கத்தில் தெரியும் கிரெடிட் வரியைத் தாராளமாக எடுக்கலாம், நிரல் கோப்புகளுக்குள் உள்ள காப்புரிமைக் குறிப்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் உள்ள பிளகின்கள் உங்கள் அனுமதி கேட்காமல் பக்கத்தில் தங்கள் லிங்க்கைக் காட்டக் கூடாது என்பதும் விதி. எல்லா இலவசத்துக்கும் இது பொருந்தாது. ஹெச்டிஎம்எல்5 அப் என்ற தளம் தரும் இலவச டெம்ப்ளேட்டுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் உரிமத்தில் வருகின்றன. அங்கே பெயரைக் குறிப்பிடுவதுதான் நிபந்தனை, அதை மதிக்க வேண்டும்.

முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். ஆனாலும் பெயரை எடுக்க முடியாது, அது எங்கள் உரிமை என்கிறார்கள். சட்டப்படி சரியா?
*– பம்ப் தயாரிப்பு நிறுவனம், கோயம்புத்தூர்*

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதலில். ஒன்றுமே எழுதவில்லை என்றால் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி நிலைமை நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாள் எழுதிய நிரலுக்கோ பணம் கொடுத்த காரணத்தால் மட்டும் நீங்கள் உரிமையாளர் ஆவதில்லை, 19-ஆம் பிரிவின்படி எழுத்து மூலமாக, கையெழுத்தோடு உரிமையை மாற்றித் தர வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.

57-ஆம் பிரிவு படைத்தவருக்கு ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரும் உரிமையைத் தருகிறது. உரிமையை மாற்றித் தந்தபிறகும் அது அவரிடம் இருக்கும். ஆனால் எல்லாப் பக்கத்தின் அடியிலும் லிங்க் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. நிரல் கோப்பில் பெயர் இருக்கட்டும், ஃபுட்டரில் வேண்டாம் என்று நீங்கள் பேசுவதற்கு இடமிருக்கிறது. தொகை பெரிதென்றால் வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டுங்கள். பேச்சுவார்த்தை முற்றுவதற்கு முன் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, முழு பேக்கப் மூன்றும் உங்கள் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி சேர்க்கலாம்: “முகப்புப் பக்கத்தின் அடியில் மட்டும் வடிவமைப்பாளரின் பெயர், நோஃபாலோ பண்புள்ள ஒரே லிங்க்குடன் இடம்பெறும். உரிமையாளர் எழுத்து மூலம் கேட்ட 7 நாட்களுக்குள் காரணம் கேட்காமல் அது நீக்கப்படும். வேறு எந்த வெளித்தள லிங்க்கும் உரிமையாளரின் எழுத்து அனுமதியின்றிச் சேர்க்கப்படாது.”

கிரெடிட் வரி எப்படி இருந்தால் நாகரிகமாக இருக்கும்? ‘பவர்டு பை’ என்று வெர்ஷன் எண்ணும் போடலாமா?
*– கணினி அறிவியல் மாணவி, திருச்சி*

தமிழ்நாட்டு மாவட்ட நிர்வாகத் தளங்களின் அடியைப் பாருங்கள். உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்தினுடையது, உருவாக்கியதும் ஹோஸ்ட் செய்வதும் தேசிய தகவலியல் மையம் என்று தனித்தனியாக இருக்கும். தகவலில் பிழை இருந்தால் யாரைக் கேட்பது, தளம் திறக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. நல்ல முன்மாதிரி.

எழுத்து மங்கலாக இருக்கக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், விரலால் தட்டும் பரப்பு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது. பின்னணி நிறத்திலேயே எழுதி மறைப்பது மறைக்கப்பட்ட லிங்க், கூகுளின் விதிகளுக்கு எதிரானது. லாகின் பக்கத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் கிரெடிட் வரியே வேண்டாம், அங்கே வந்தவரை வெளியே அனுப்பும் லிங்க் எதற்கு?

வெர்ஷன் எண்ணைப் போடாதீர்கள். ஒரு பிளகினில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், ஃபுட்டர் வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியே ஒரே டெவலப்பரின் தளங்கள் அனைத்தையும் பட்டியல் எடுத்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் கட்டாயம். வேர்ட்பிரஸ் தன் வெர்ஷனை மூலநிரலின் ‘ஜெனரேட்டர்’ மெட்டா டேகிலும் எழுதி வைக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் வெர்ஷனை மறைத்துவிட்டோம் என்று அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தாக்கும் நிரல்களில் பல, வெர்ஷனைப் பார்க்காமலே எல்லாத் தளங்களிலும் முயன்று பார்க்கின்றன.